ஸ்மோக்கரில் மீட்லோஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் ஓவனில் வேகும் மீட்லோஃபைப் பலமுறை சாப்பிட்டுச் சலித்தவர்கள்கூட ஸ்மோக்கர் என்னும் புகையடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டால் இன்னொரு துண்டு கேட்பார்கள். அதே கறி, அதே வெங்காயம். ஆனால் வேறொரு உணவு. பல ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். முதன்முறை செய்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மீட்லோஃப் என்றால் என்ன? அதை ஏன் புகையில் வேகவைக்க வேண்டும்?

கொத்துக்கறியோடு ரொட்டி, முட்டை, வெங்காயம் சேர்த்துப் பிசைந்து, நீளமான ரொட்டிபோல் பிடித்து, முழுதாக வேகவைத்த பின் துண்டு போட்டுப் பரிமாறும் உணவு இது. ஜெர்மானியர்களின் ஹாக்பிராட்டனும் இத்தாலியர்களின் போல்பெத்தோனேயும் இதற்கு நெருங்கிய சொந்தங்கள். அமெரிக்க வீடுகளில் இது வேரூன்றியதற்குச் சிக்கனம் ஒரு பெரிய காரணம். 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில், கொஞ்சம் கறியோடு ரொட்டியைச் சேர்த்து ஒரு குடும்பமே வயிறார உண்ண இது கைகொடுத்தது.

புகையில் வேகவைக்க இதைவிட ஏற்ற கறி உணவு இல்லை என்பது என் எண்ணம். பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுக்கறி போன்ற பெரிய இறைச்சித் துண்டுகளைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பதற்குக் காரணம், அவற்றிலுள்ள கடினமான இணைப்புத் திசுக்கள் மெல்ல உருகி ஜெலட்டினாக மாற வேண்டும் என்பதே. கொத்துக்கறியில் அந்தத் திசுக்களை இயந்திரம் முன்பே சிதைத்துவிடுகிறது. ஆகவே இரண்டரை, மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சொரசொரப்பான, ஈரமான மேற்பரப்பும் இருப்பதால் அந்தக் குறுகிய நேரத்திலேயே புகை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

முதன்முறை செய்கிறேன். ஒரே ஒரு அறிவுரை சொல்வதானால் என்ன சொல்வீர்கள்?

பாத்திரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

ரொட்டி சுடும் நீளப் பாத்திரத்தில் கறியை அழுத்தி வைத்து, அப்படியே ஸ்மோக்கருக்குள் வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. அதில் மேற்பரப்பு ஒன்றுதான் புகையைப் பார்க்கிறது. மற்ற நான்கு பக்கங்களும் அடியும் தன்னிலிருந்து வழிந்த கொழுப்பிலும் சாற்றிலும் அவிந்து, வெளிறிப்போகும். அவ்வளவு நேரம் தீ வளர்த்ததற்குப் பலன் ஒரு மெல்லிய மேல்தோல் மட்டும். பாத்திரம் இல்லாமல் கையால் பிடித்து வைத்தால் எல்லாப் பக்கமும் புகை சுற்றும், கொழுப்பு கீழே வடியும், எந்தத் துண்டை எடுத்தாலும் ஓரம் முழுக்கக் கருஞ்சிவப்பு விளிம்பு இருக்கும்.

பாத்திரம் இல்லாவிட்டால் கம்பிகளுக்கு இடையில் உதிர்ந்து விழாதா?

குளிரவைத்தால் விழாது. பிடித்து முடித்ததும் ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கொழுப்பு இறுகி, ரொட்டி ஈரத்தை இழுத்துக்கொண்டு, உருண்டை கெட்டியாகிவிடும். குளிர்ந்த மேற்பரப்பில் புகை இன்னும் நன்றாகப் படியும் என்பது கூடுதல் நன்மை.

பிறகு அதைச் சிறு கம்பித் தட்டின் மீது வைத்து, தட்டோடு அடுப்புக்குள் வைக்கலாம். கம்பிகள் அகலமாக இருந்தால் உருண்டையின் அடியளவுக்கு மட்டும் ஒரு பட்டர் பேப்பரை வெட்டி, கத்தி முனையால் இருபது முப்பது துளைகள் போட்டு அடியில் விரியுங்கள். கொழுப்பு வடிய வழி வேண்டும். கீழே ஒரு தட்டு வைத்து அதைப் பிடிக்கவும் வேண்டும். தணலில் சொட்டும் கொழுப்பு தீப்பற்றினால் கரிப்புகை கிளம்பிக் கறியில் படியும்.

எந்த இறைச்சி வாங்க வேண்டும்?

20 சதவீதம் கொழுப்புள்ள மாட்டிறைச்சிக் கொத்து. 10 சதவீதத்துக்கும் குறைவான கொழுப்புள்ளது உடம்புக்கு நல்லது என்று வாங்குபவர்கள் உண்டு. மீட்லோஃபுக்கு அது ஏமாற்றம்தான். துண்டு போடும்போதே பொடிப்பொடியாக உதிரும். முடிந்தால் பத்தில் மூன்று பங்கு பன்றி இறைச்சி சேருங்கள், மென்மையும் இனிப்பும் கூடும். ஆட்டிறைச்சியிலும் செய்யலாம். அதன் வாசனை தனித்துத் தெரியும் என்பதால் புகைக்கு மிதமான மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோழியிலும் வான்கோழியிலும் செய்யலாம், ஆனால் கொழுப்பு குறைவு என்பதால் பொடியாக நறுக்கி வதக்கிய காளானும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்ப்பது நல்லது.

கொத்தும்போது ரொம்பவும் மைய அரைக்கச் சொல்லாதீர்கள்.

அளவுகளைச் சொல்லுங்கள்.

ஆறிலிருந்து எட்டுப் பேருக்கு நான் எடுக்கும் அளவு இது. மாட்டிறைச்சிக் கொத்து 700 கிராம், பன்றி இறைச்சிக் கொத்து 300 கிராம். வெள்ளை ரொட்டி இரண்டு துண்டு, பால் 120 மில்லி. முட்டை இரண்டு. ஒரு பெரிய வெங்காயத்தையும் நான்கு பல் பூண்டையும் பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, முழுதாக ஆறவைத்தது. தூள் உப்பு 16 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் தேக்கரண்டி. மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, உலர்ந்த தைம் இலை ஒரு தேக்கரண்டி, வூஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி.

வெங்காயத்தை ஏன் வதக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். பச்சை வெங்காயம் வேகும்போது நீர் விட்டு, கறிக்குள் சிறு சிறு பள்ளங்களை உண்டாக்கும். துண்டு அந்த இடத்தில் உடையும். குறைந்த வெப்பத்தில் அது முழுதாக வேகாமல் நறுக்கென்று பல்லில் படவும் செய்யும். ஆறவைக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். சூடான வெங்காயம் பட்டால் கொழுப்பு பிசையும்போதே உருகிவிடும்.

ரொட்டியும் பாலும் கறியின் அளவைக் கூட்டத்தானே? விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் அவை சிக்கனத்துக்காகச் சேர்ந்திருக்கலாம், ஆனால் இன்று அவற்றின் வேலை வேறு. கறி சூடாகும்போது அதன் புரதங்கள் ஒன்றையொன்று பிடித்து இறுகி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். பாலில் ஊறிய ரொட்டி அந்தப் புரதங்களுக்கு இடையில் புகுந்துகொண்டு, அவை முழுதாக இறுகாமல் தடுக்கிறது. வழியும் சாற்றையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஸ்மோக்கரின் உலர்ந்த காற்றில் மூன்று மணி நேரம் இருக்கப்போகும் கறிக்கு இந்த உதவி அவசியம்.

ரொட்டியைப் பிய்த்துப் பாலில் போட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, முள்கரண்டியால் மசித்தால் கட்டியில்லாத கூழாக வரும். உலர்ந்த ரொட்டித்தூளை நேரடியாகக் கறியில் கொட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. அது கறியின் ஈரத்தையே உறிஞ்சும்.

எவ்வளவு நேரம் பிசைய வேண்டும்?

இங்கேதான் கை பேசுகிறது. முதலில் ரொட்டிக்கூழ், முட்டை, உப்பு, மசாலா, ஆறிய வெங்காயம் எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் ஒன்றாகக் கலக்கிவிடுங்கள். உப்பு சமமாகப் பரவும் வேலை கறி சேர்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பிறகு குளிர்ந்த கறியைக் கிள்ளிக் கிள்ளி அதன் மேல் உதிர்த்துப் போட்டு, விரல்களை அகல விரித்து, அடியிலிருந்து மேலே அள்ளி அள்ளி விடுங்கள். அழுத்தக் கூடாது. முதலில் கறியின் சிவப்பும் கூழின் வெளுப்பும் தனித்தனியாகத் தெரியும். ஏழெட்டு முறை அள்ளியதும் வெளுப்புத் திட்டுகள் மறையும். பதினைந்து முறைக்குள் எல்லாம் ஒரே நிறமாகி, ஆனால் கறியின் இழைகள் இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். அங்கே நிறுத்திவிடுங்கள்.

இதற்கு மேல் பிசைந்தால் கலவை விரலில் ஒட்டத் தொடங்கும், இழுத்தால் நூல்போல் வரும். உப்பு கறியிலிருந்து மையோசின் என்ற புரதத்தை வெளியே இழுத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். தொத்திறைச்சி செய்வதற்கு அந்த ஒட்டும் தன்மை தேவை. மீட்லோஃபில் அது வந்தால் துண்டு ரப்பராகிவிடும்.

பச்சைக் கறியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. ஒரு தேக்கரண்டி கலவையைத் தட்டி, சட்டியில் இருபக்கமும் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சூடாக இருக்கும்போது உப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் சரியான அளவு. கடைசியில் தடவும் மேற்பூச்சின் இனிப்பு அதைச் சமன் செய்துவிடும்.

எப்படிப்பட்ட வடிவம்?

அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 6 அல்லது 7 சென்டிமீட்டர், நீளம் வருகிறபடி. உயரம் கூடினால் நடு வேகுமுன் ஓரம் உலர்ந்துவிடும். இரு முனைகளையும் கூராக்காமல் மொட்டையாக விடுங்கள். பிடித்து முடித்ததும் இரு உள்ளங்கைகளாலும் நாலைந்து முறை லேசாகத் தட்டினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்.

எந்த வகை ஸ்மோக்கர் வேண்டும்? என்னிடம் மூடியுள்ள கிரில் மட்டும்தான் இருக்கிறது.

அதுவே போதும். கரியைக் குவிமாட கிரிலின் ஒரு பக்கமாகக் குவித்து, கறியை மறுபக்கம் வைத்து, மூடியின் துவாரம் கறிக்கு மேலே வருமாறு மூடுங்கள். புகை கறியைக் கடந்து வெளியேறும். கரிப் பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் வெந்நீர் வைத்தால் வெப்பம் சட்டென்று ஏறி இறங்காது.

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு வெப்பக் கவலை இல்லை. ஆனால் புகை மென்மையாகவே வரும். குறைந்த வெப்பத்தில்தான் பெல்லட் அதிகப் புகை விடும் என்பதால், முதல் ஒரு மணி நேரம் 95 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். மின்சார ஸ்மோக்கரிலும் நல்ல சுவை வரும், துண்டின் ஓரத்தில் சிவப்பு வளையம் மட்டும் அவ்வளவாக வராது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த மரம்? நீரில் ஊறவைக்க வேண்டுமா?

ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி இவற்றில் எது கிடைத்தாலும் நல்லதுதான். எனக்குப் பிடித்தது செர்ரியும் ஓக்கும் கலந்தது. செர்ரி ஆழ்ந்த நிறம் தரும், ஓக் புகைக்கு ஒரு கனம் கொடுக்கும். மெஸ்கீட் மரம் வேகமான நெருப்பில் ஸ்டேக் சுடுவதற்கு அருமை, ஆனால் மூன்று மணி நேரப் புகைக்கு அது காரம் மிகுந்தது. கைமுட்டி அளவுக் கட்டைகள் இரண்டு அல்லது மூன்று போதும். பைன் போன்ற பிசின் மரங்கள், பெயின்ட் அடித்த பலகை, இரசாயனம் பூசிய மரச்சட்டம் எதையும் தொடாதீர்கள்.

ஊறவைப்பது வீண் வேலை. மரத்துக்குள் நீர் அவ்வளவு எளிதில் இறங்காது. மேல்தோல் மட்டும் நனையும். அந்த ஈரம் ஆவியாகும்வரை மரம் எரியாது, தணலின் சூடும் குறையும். முதலில் வரும் வெள்ளை மேகம் புகை என்று தோன்றும், அதில் பெரும்பகுதி நீராவி. உலர்ந்த கட்டையே போடுங்கள்.

கறி கசக்கிறது. புகை அதிகமாகிவிட்டதா?

பெரும்பாலும் புகையின் அளவால் வருவதில்லை இந்தக் கசப்பு. புகையின் தரத்தால் வருகிறது. இந்தப் பக்கத்தில் நான் அதிகம் அக்கறையோடு எழுதுவது இந்தப் பதிலைத்தான்.

மரம் போதிய காற்றோடு எரிந்தால், அதிலுள்ள லிக்னின் உடைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற மணப்பொருள்கள் வெளிவரும். நாம் புகைமணம் என்று விரும்புவது முக்கியமாக அவற்றைத்தான். காற்று குறைந்து மரம் மூச்சுத் திணறினால் அரைகுறையாக எரிந்த தார்த்துளிகள் கிளம்பும். அவை கறியின் ஈரமான மேற்பரப்பில் ஒட்டி, நாக்கின் நுனியை மரத்துப்போகச் செய்யும் கசப்பாக மாறும். கொத்துக்கறியின் சொரசொரப்பான மேற்பரப்பு நல்ல புகையைப் பிடிப்பதுபோலவே கெட்ட புகையையும் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. வீட்டில் பத்துப் பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். அடுப்பு சீக்கிரம் சூடேறிவிட்டதே என்று கீழ்த் துவாரம், மேல் துவாரம் இரண்டையும் ஏறக்குறைய மூடிவிட்டேன். அரை மணி நேரம் பஞ்சுபோல் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தது. நன்றாகப் புகைகிறது என்று மகிழ்ந்தேன். வெட்டியபோது பார்க்க அழகாக இருந்தது. ஒருவராலும் இரண்டாவது வாய் சாப்பிட முடியவில்லை. அன்று முதல் மேல் துவாரத்தை நான் மூடுவதே இல்லை. வெப்பத்தைக் கீழ்த் துவாரத்தால் மட்டும் கட்டுப்படுத்துகிறேன். கரியையும் அளவாகவே போடுகிறேன்.

வெளியேறும் புகையைப் பாருங்கள். இருண்ட பின்னணியில் மட்டும் தெரியும் அளவுக்கு மெல்லியதாக, லேசான நீலச் சாயலோடு இருந்தால் சரியான புகை. கையை ஒரு கணம் அதில் காட்டி முகர்ந்து பாருங்கள். இனிய மரவாசனை வந்தால் கறியை வைக்கலாம். கண் எரிந்து, தார் வாசனை வந்தால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள். தீ மூட்டியதும் முதலில் வருவது எப்போதும் அழுக்குப் புகைதான். அது தெளியும்வரை கறி குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம்?

நான் வைப்பது 121 டிகிரி செல்சியஸ், அதாவது 250 டிகிரி ஃபாரன்ஹீட். மேலே சொன்ன அளவு உருண்டைக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். 107 டிகிரியில் (225 ஃபாரன்ஹீட்) வைத்தால் மூன்றரை மணி நேரம், சில நாள்களில் அதற்கும் மேல். 135 டிகிரியில் (275 ஃபாரன்ஹீட்) ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

குறைந்த வெப்பமே சிறந்தது என்ற நம்பிக்கை பிரிஸ்கெட்டிலிருந்து வந்தது. கொத்துக்கறியில் உருக்க வேண்டிய கடினத் திசு இல்லை. தேவைக்கு மேல் நேரம் போனால் ஈரம்தான் போகும். பச்சைக் கொத்துக்கறி 4 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருப்பதும் நல்லதல்ல. அந்த இடைவெளியில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆகவே 107 டிகிரிக்குக் கீழே முழு நேரமும் வைக்காதீர்கள்.

மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். காற்று பலமாக வீசும் நாளில் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வெப்பமானி இல்லாமல் கண்பார்வையில் சொல்ல முடியாதா?

முடியாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். நெருப்பு பட்டதும் அவை அழிந்துவிடும், அதனால்தான் ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகச் சாப்பிட முடிகிறது. கொத்தும்போது அந்த வெளிப்புறம் முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. ஈ. கோலை போன்ற கிருமி உருண்டையின் நடுமையத்திலும் இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை மாடு, பன்றி, ஆட்டுக் கொத்துக்கறிக்கு 71 டிகிரி செல்சியஸ் (160 ஃபாரன்ஹீட்), கோழி, வான்கோழிக்கு 74 டிகிரி (165 ஃபாரன்ஹீட்) என்று உள்வெப்ப அளவை வகுத்திருக்கிறது.

வெப்பமானியின் குச்சியை உருண்டையின் முனையிலிருந்து நீளவாக்கில் நடுமையம்வரை செருகுங்கள். மேலிருந்து குத்தினால் சாறு அந்தத் துளை வழியாகப் பொங்கி மேற்பூச்சைக் கலைத்துவிடும். 71 தொட்டதும் எடுத்துவிடுங்கள். 77 தாண்டினால் உலர்வு நாக்கில் தெரியும். வெப்பமானியின் மீது சந்தேகம் இருந்தால் நொறுக்கிய பனிக்கட்டி நிரம்பிய நீரில் நனைத்துப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

71 டிகிரி காட்டியது, ஆனால் வெட்டினால் ஓரம் இளஞ்சிவப்பாக இருக்கிறது. வேகவில்லையா?

வெந்துவிட்டது. பயப்படாமல் சாப்பிடுங்கள். இந்த நிறத்தைப் பார்த்துவிட்டு விருந்தினர் தட்டை நகர்த்தி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பரிமாறும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கறிக்குச் சிவப்பு தருவது மயோகுளோபின் என்ற புரதம். சாதாரணமாக அது வெந்ததும் சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். விறகும் கரியும் எரியும்போது நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. அவை ஈரமான மேற்பரப்பில் கரைந்து உள்ளே இறங்கி மயோகுளோபினோடு பிணைந்துகொண்டால், வெந்த பிறகும் அந்தச் சிவப்பு மாறாது. விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை ரோஜா நிறத்தில் ஒரு வளையமாக அது நிற்கும். கறி குளிர்ந்தே உள்ளே போனால் அந்த வாயுக்கள் இறங்குவதற்கு அதிக நேரம் கிடைக்கும், வளையம் அகலமாகும். மின்சார ஸ்மோக்கரில் நெருப்பு இல்லாமல் மரத்தூள் புகைவதால் இந்த வாயுக்கள் குறைவு, வளையமும் மங்கல்.

வளையத்துக்குத் தனிச் சுவை ஏதும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதல் துண்டைச் சாய்த்து அதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

நடுப்பகுதி சிவந்து, ஓரம் பழுப்பாக இருந்தால் அது வேறு விஷயம். மீண்டும் வெப்பமானியை நடுவில் வைத்துப் பாருங்கள்.

மேற்பூச்சு எப்போது தடவ வேண்டும்?

தொடக்கத்திலேயே தடவினால் கெட்டியான சர்க்கரைப் படலம் கறியை மூடிக்கொண்டு, புகையின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். கறி முதலில் வெறும் உடம்போடு புகையைச் சந்திக்கட்டும். உள்வெப்பம் 60 டிகிரி ஆனதும் முதல் பூச்சு, 66 ஆனதும் இரண்டாவது பூச்சு.

தக்காளி கெட்சப் முக்கால் கோப்பை, பழுப்புச் சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி. சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால், கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் அந்தக் கோடு மூடாமல் நிற்கும் பதம் வரும். அதைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவுங்கள். முதல் பூச்சு பளபளப்பு மங்கி, தொட்டால் ஒட்டும் நிலைக்கு வந்ததும்தான் இரண்டாவது. வினிகரைக் குறைக்காதீர்கள்; கொழுப்பும் புகையும் இனிப்பும் சேர்ந்த கனத்தை அந்தப் புளிப்புதான் தூக்கி நிறுத்துகிறது.

மேலே பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) பட்டைகளைப் பின்னிச் சுற்றலாமா?

சுற்றலாம், படத்துக்கு அழகாக இருக்கும். நான் சுற்றுவதில்லை. புகை பேக்கனோடு நின்றுவிடும், 121 டிகிரியில் பேக்கன் மொறுமொறுப்பாகவும் ஆகாது. சுற்றியே தீர வேண்டும் என்றால் மெல்லிய பட்டைகளை எடுத்து, கடைசி இருபது நிமிடம் அடுப்பை 175 டிகிரிக்கு ஏற்றுங்கள்.

மேலே பிளந்துவிட்டது. என்ன தவறு?

வெப்பம் திடீரென்று ஏறியிருக்கும், அல்லது கலவையில் ஈரம் குறைந்திருக்கும், அல்லது காற்று சிக்கியிருக்கும். சுவைக்கு ஒன்றும் குறைவில்லை. பூச்சு அந்தப் பிளவுக்குள் இறங்கி இன்னும் ருசிக்கும்.

முந்தின நாளே பிசைந்து வைக்கலாமா?

ரொட்டிக்கூழ், வதக்கிய வெங்காயம், மேற்பூச்சு மூன்றையும் முந்தின நாளே தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கறியோடு கலப்பதை அன்றைக்கு வைத்துக்கொள்வது நல்லது. உப்பு சேர்ந்த கறி இரவு முழுக்க இருந்தால் இறுகிவிடும்.

மழை பெய்கிறது. கார் நிறுத்தும் கொட்டகைக்குள் வைத்துச் செய்யலாமா?

சுவர் சூழ்ந்த எந்த இடத்திலும் வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஆளை மயக்கிக் கொன்றுவிடும். அணைந்ததுபோல் தெரியும் கரியும் அதை விட்டுக்கொண்டிருக்கும். திறந்த வெளியில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மழை நிற்கவில்லையென்றால் அன்றைக்கு ஓவனில் வேகவையுங்கள்.

எடுத்தவுடன் வெட்டலாமா?

பதினைந்து நிமிடம் விடுங்கள். சூட்டோடு வெட்டினால் சாறு பலகையில் ஓடும், துண்டும் சரியும். பிறகு பல்லுள்ள ரொட்டிக் கத்தியால், அழுத்தாமல் அறுப்பதுபோல் இழுத்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் துண்டு போடுங்கள்.

மீந்ததை என்ன செய்வது?

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். துண்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி உறையவைத்தால் இரண்டு மூன்று மாதம் சுவை கெடாது. சூடாக்கும்போது 74 டிகிரிவரை சூடேற வேண்டும்.

மறுநாள் புகைமணம் கறி முழுவதும் பரவி, முதல் நாளைவிட மென்மையாகிவிடும். குளிர்ந்த துண்டை எடுத்து, எண்ணெய் விடாமல் சூடான இரும்புச் சட்டியில் போடுங்கள். அதன் கொழுப்பே போதும். இரண்டு நிமிடத்தில் பூச்சிலுள்ள சர்க்கரை அடியில் கருகத் தொடங்கும் வாசனை வரும். அப்போது திருப்பிப் போட்டு இன்னொரு இரண்டு நிமிடம் வைத்து, சூடு உள்ளே சேர்ந்ததும் வாட்டிய இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வையுங்கள். இதற்காகவே நான் எப்போதும் தேவைக்கு மேல் ஒரு கால் கிலோ கறி கூடுதலாகப் பிசைகிறேன்.